தேடிய ரப்பரும் கிடைத்த பட்டியும்

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதைப் பற்றி எழுதும் சரித்திர ஆசிரியர்கள், ஒரு சாம்ராஜ்யத்தின் கௌரவம் அன்று மண்ணில் சாய்ந்ததை விஸ்தாரமாக வர்ணிப்பார்களே தவிர, அதே வேளையில் உலகத்தின் சக்கரங்களுக்கெல்லாம் நேர்ந்த ஆபத்தை ஓரிரு வரிகளில் முடித்துவிடுவார்கள். மலாய் நாடும், அதையடுத்துச் சில வாரங்களுக்குள் டச்சுக்காரர் ஆண்டுவந்த சுமத்ராவும் ஜாவாவும் கைமாறிய அந்தக் குறுகிய காலத்தில், அமெரிக்கா வாங்கிவந்த இயற்கை ரப்பரில் ஏறக்குறைய 90 சதவீதம் வரும் வழி அடைபட்டுப்போயிற்று. லாரிக்கும் விமானத்துக்கும் டயர் வேண்டும். ஒரு ஷெர்மன் டாங்கியில் மட்டும் அரை டன் ரப்பர் இருந்தது. கப்பலிலோ குழாய் முதல் மின்கம்பியின் உறை வரை ரப்பர் தொடாத பாகம் இல்லை. இரும்பும் எண்ணெயும் எவ்வளவு குவிந்திருந்தாலும் ரப்பர் இன்றி நவீன யுத்தம் நகராது. அந்தத் தட்டுப்பாட்டின் நடுவில், ரப்பரைத் தேடிப் புறப்பட்ட ரசாயன சாஸ்திரிகளின் கையில், இழுத்தால் நீளவும், எறிந்தால் துள்ளவும், வெடுக்கென்று பிய்த்தால் அறுபடவும், சும்மா விட்டால் வழிந்தோடவும் கூடிய ஒரு விசித்திரப் பதார்த்தம் வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் ‘சில்லி பட்டி’ என்ற பெயரில் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாக உலகமெங்கும் பரவிய அந்தப் பதார்த்தம் தற்செயலாகக் கிடைத்ததென்றே அதன் கதையைச் சொல்லுகிறவர்கள் எல்லோரும் சொல்லுகிறார்கள். அந்தத் தற்செயலுக்குப் பின்னால் பலர் சிந்திய நாற்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கதை சொல்லுவது அவர்களுக்கு நியாயம் செய்வதாகாது என்பது என் அபிப்பிராயம்.

நின்றுபோன அந்த ரப்பருக்கும் நம்மவர்களுக்கும் உள்ள சம்பந்தத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டிலிருந்து கொண்டுவந்த சுமார் 70,000 விதைகளில் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை சில ஆயிரமே. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குக் கப்பலேறி, கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வேரூன்றியது. அடுத்த ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தன. இந்தச் சிறு கூட்டத்தின் சந்ததிதான் பின்னர் மலாய் நாட்டு மலைச்சரிவுகளை மூடி வளர்ந்த பால்மரக் காடுகள் என்றால், அந்தக் காடுகளைக் காடாக்கியவர்கள் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் திரட்டிச் சென்ற தமிழ்த் தொழிலாளிகள். இருள் பிரியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, மரத்துக்கு மரம் போய்ப் பட்டையைச் சாய்வாகச் சீவி, மங்கில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்து, வெட்டுக்கோட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலையும் விடாமல் உரித்தெடுத்து அவர்கள் நடத்திய வாழ்க்கையே உலகத்து மோட்டார் வண்டிகளின் ஓட்டமாக இருந்தது. ஜப்பானியர் வந்தபின் வாங்குவாரின்றித் தோட்டங்கள் ஸ்தம்பித்தன. கூலியும் அரிசியும் அற்றுப்போன அந்த ஜனங்களில் பல்லாயிரம் பேர் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு, காலராவுக்கும் மலேரியாவுக்கும் பட்டினிக்கும் அங்கேயே பலியானார்கள். அமெரிக்கப் பத்திரிகைகளில் ரப்பர்ப் பஞ்சம் என்று அச்சான செய்தியின் மறுமுனையில் இந்தத் துக்கம் இருந்தது. பட்டியின் கதையை எழுதுகிற தமிழன் இதைத் தாண்டிக்கொண்டு மேலே போக முடியாது.

அமெரிக்காவில் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1942 ஜூன் மாதம் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வானொலியில் பேசி, வீட்டில் கிடக்கும் பழைய டயர், தோட்டத்துக் குழாய், மழைக்கோட்டு, ரப்பர்ச் செருப்பு அனைத்தையும் பெட்ரோல் நிலையங்களில் கொண்டுவந்து கொடுக்கும்படி ஜனங்களை வேண்டினார். மணிக்கு 35 மைலுக்கு மேல் கார் ஓட்டக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன் வைத்ததும்கூடப் பெட்ரோலை மிச்சப்படுத்த என்பதைவிட டயர் தேய்மானத்தைக் குறைக்கவே. பூடாடையீன், ஸ்டைரீன் என்ற இரண்டு பொருள்களை இணைத்துச் செய்த செயற்கை ரப்பர் யுத்தம் முடிவதற்குள் வருஷத்துக்கு லட்சக்கணக்கான டன்களாகத் தயாராகி அந்தத் தேசத்தைக் காப்பாற்றிற்று. அந்த மகத்தான வெற்றியின் வரலாறு வேறு. நம் கதை அந்த ராஜபாட்டையை விட்டு விலகி, மணலில் இறங்கும் ஓர் ஒற்றையடிப் பாதையில் போகிறது.

மணலுக்கு ஆதாரமான மூலகம் சிலிக்கான். பூமியின் மேலோட்டில் பிராணவாயுவுக்கு அடுத்தபடி மிகுதியாக இருப்பது அதுவே. அணு அமைப்பில் அது கரியின் நெருங்கிய உறவு. கரி அணுக்கள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு மரமும் மாமிசமும் ரப்பரும் பெட்ரோலுமாக ஆகிற இவ்வுலகில், அதன் உறவான சிலிக்கானும் அவ்வாறு கோத்துக்கொள்ளுமா என்ற கேள்வியைத் தன் ஆயுட்காலம் முழுவதற்கும் கேள்வியாக எடுத்துக்கொண்டவர் பிரடெரிக் கிப்பிங். 1863இல் மான்செஸ்டரில் பிறந்து, 1897 முதல் நாட்டிங்ஹாம் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியராக இருந்த அவர், கரியோடு இணைந்த சிலிக்கான் கூட்டுப்பொருள்களை ஒவ்வொன்றாகச் செய்து, வடித்து, படிகமாக்கி, அளந்து, ஏறக்குறைய நாற்பது ஆண்டுக் காலம் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். படிகமாக உறையும் சுத்தமான பொருளே அவருக்கு வேண்டியிருந்தது. ஆனால் குடுவையின் அடியில் எண்ணெயாகவும் கோந்தாகவும் ஏதோ ஒன்று ஓயாமல் தங்கிக்கொண்டிருந்தது. அதைப் படிகமாக்க முடியவில்லை, காய்ச்சி வடிக்கவும் இயலவில்லை. தொல்லை என்று எண்ணி ஒதுக்கி வைத்தார். 1937இல் வெளிவந்த தம் ராயல் சொசைட்டி விரிவுரையில், இந்தத் துறையில் பெரிய முன்னேற்றம் ஏதும் விரைவில் வருமென்று நம்புவதற்கு இடமில்லை என்ற கருத்தையே அந்த மகான் தெரிவித்தார். சிலிக்கோன் என்று இன்று உலகம் அழைக்கும் பெருந்தொழிலே அவர் ஒதுக்கிவைத்த அந்தக் கோந்துதான். இதைச் சொல்லி அவரைச் சிறுமைப்படுத்துவோர் உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. எந்த இலாபத்தையும் கருதாமல் அவர் போட்டுவைத்த பாதை இல்லையென்றால், பின்னால் வந்த எவரும் நடக்கத் தொடங்கியே இருக்க முடியாது.

பின்னால் வந்தவர்கள் தொழிற்சாலைக்காரர்கள். நியூயார்க் மாநிலத்துக் கார்னிங் கண்ணாடி நிறுவனம், பிளாஸ்டிக் தன் வியாபாரத்தை விழுங்கிவிடுமோ என்ற கவலையில், கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடைப்பட்ட ஒன்றைச் செய்ய முடியுமா என்று ஆராய ஜே. பிராங்க்ளின் ஹைடு என்ற ரசாயனியை 1930இல் வேலைக்கு அமர்த்தியது. கண்ணாடி நாரைச் சுற்றி மின்சார மோட்டார்களுக்குக் காப்புக் கட்டும்போது, சூடு தாங்கும் ஒரு பிசின் தேவைப்பட்டது. கிப்பிங்கின் கட்டுரைகளைப் படித்து ஹைடு அந்தப் பிசினைச் சிலிக்கானிலிருந்து உண்டாக்கினார். அதைக் கண்ட ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் தங்கள் ஸ்கெனக்டடி ஆய்வுக்கூடத்தில் யூஜின் ரோக்கோ என்பவரை அதே திசையில் செலுத்தினார்கள். கிப்பிங்கின் முறையில் இப்பொருள்களைச் செய்வதற்கு அபாரமான செலவாகும். 1940 மே மாதத்தில் ரோக்கோ, தாமிரம் கலந்த சிலிக்கான் பொடியைச் சுமார் 300 டிகிரிக்குச் சூடாக்கி அதன்மேல் மெதில் குளோரைடு வாயுவைச் செலுத்தினால் தேவையான மூலப்பொருள் நேராகவே கிடைத்துவிடுகிறது என்று கண்டார். மணலிலிருந்து சிலிக்கான், சிலிக்கானிலிருந்து சிலிக்கோன் என்று வழி திறந்துவிட்டது. இன்றைக்கும் உலகத்தில் தயாராகும் சிலிக்கோன் அனைத்துக்கும் அந்த முறையே ஆதாரம். 1943இல் கார்னிங்கும் டௌ ரசாயன நிறுவனமும் சேர்ந்து டௌ கார்னிங் என்ற புது நிறுவனத்தைத் தொடங்கின. உயரப் பறக்கும் போர் விமானங்களின் இக்னிஷன் கம்பிகளில் மின்சாரம் கசியாமல் காக்கும் களிம்பே அதன் முதல் பெரிய சரக்கு.

இந்தப் பின்னணியோடு 1943இல் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரிலுள்ள ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தால், ஜேம்ஸ் ரைட் செய்த காரியம் ஆகாயத்திலிருந்து விழுந்த அற்புதமாகத் தோன்றாது. சூடு, குளிர் இரண்டையும் தாங்கும் சிலிக்கோன் எண்ணெய் கையில் இருந்தது. அதைக் கெட்டிப்படுத்தி ரப்பராக்கும் ஒரு பொருள் வேண்டும். ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் போரிக் அமிலத்தைச் சேர்த்தார். காரம் போர்டில் காய்கள் வழுக்கி ஓடுவதற்காக நம் வீடுகளில் தூவுகிறோமே, அந்த வழுவழுப்பான வெள்ளைப் பொடிதான் அது. எண்ணெய் இறுகிப் பசையாயிற்று. அதைத் தரையில் எறிந்தபோது எகிறித் துள்ளிற்று. ஏறக்குறைய அதே சமயத்தில் பிட்ஸ்பர்க் மெல்லன் ஆய்வகத்தில் கார்னிங்குக்காக உழைத்துவந்த ராப் ராய் மக்ரிகரும் ஏர்ல் வாரிக்கும் அதே பொருளை அதே அமிலத்தைக் கொண்டு உண்டாக்கியிருந்தார்கள். அவர்கள் 1943 மார்ச் மாதத்தில் செய்த விண்ணப்பத்துக்கு 1947இல் பேட்டன்ட் கிடைத்தது. ரைட் 1944இல் விண்ணப்பித்து 1951இல் பெற்றார். முதலில் செய்தது தாங்களே என்று வாரிக் இறுதிவரை வற்புறுத்திவந்தார். விளம்பரத்துக்கு ஒரு கண்டுபிடிப்பாளர் போதுமாகையால், கதையில் ரைட் நின்றார். மற்ற இருவரும் மறைந்தார்கள். ஒரு காலம் பக்குவப்பட்டிருக்கும்போது ஒரே உண்மை இரண்டு வாசல்களைத் தட்டுவது விஞ்ஞானத்தில் அபூர்வமன்று. அதைத் தற்செயல் என்று சொல்லுவது எப்படிப் பொருந்தும்?

இனி அந்தப் பொருளின் சுபாவத்தைப் பார்ப்போம். ஒரு நெல்லிக்காயளவு எடுத்து உள்ளங்கையில் உருட்டினால் முதலில் சற்று விறைப்பாக இருந்து, கைச்சூடு ஏற ஏற இணங்குகிறது. இரண்டு விரல் நுனிகளால் பற்றி மெதுவாக இழுத்தால் முழ நீளத்துக்கு நூலாக நீண்டு, நடுவில் மெலிந்து, தன் பாரத்தாலேயே தொங்குகிறது. அதையே மறுபடி உருட்டி, இரு முனைகளையும் பிடித்து ஒரே வெட்டாக வெட்டி இழுத்தால், சீசா உடைந்த வாயைப் போன்ற சுத்தமான விளிம்போடு இரண்டு துண்டாகிறது. தரையில் போட்டால் துள்ளுகிறது; மேஜைமேல் இரவெல்லாம் விட்டுவைத்தால் காலையில் உருண்டை இருந்த இடத்தில் தட்டையாகப் பரவிய ஒரு வட்டமே இருக்கிறது; எந்தத் துணியின்மேல் வைத்தோமோ அதன் நெசவுக்குள்ளெல்லாம் புகுந்துகொள்கிறது. திடம், திரவம் என்று நாம் பள்ளியில் பிரித்துப் படித்த இரண்டு ஜாதிகளில் எதிலும் இது அடங்குவதில்லை.

காரணம் அதன் சங்கிலிகளில் இருக்கிறது. சிலிக்கோன் எண்ணெயின் மூலக்கூறு, சிலிக்கான் அணுவும் பிராணவாயு அணுவும் மாறி மாறிக் கோத்த நீண்ட சரம். ஒவ்வொரு சிலிக்கானின் பக்கங்களிலும் இரண்டு மெதில் தொகுதிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கரிச் சங்கிலியைவிட இந்தச் சங்கிலியில் இணைப்புகள் நீளமானவை, கோணங்கள் அகலமானவை. ஆகவே ஒவ்வொரு கணுவிலும் அது தடையின்றிச் சுழலுகிறது. சாதாரண ரப்பர் விறைத்து உடையும் குளிரிலும், பூஜ்யத்துக்குக் கீழ் நூறு டிகிரியைத் தாண்டியும் அந்த நெகிழ்ச்சி அதைவிட்டுப் போவதில்லை. வெளிப்புறத்தில் மெதில் தொகுதிகள் போர்த்தியிருப்பதால் ஒரு சரத்துக்கு மற்றொரு சரத்தின்மேல் பற்றுதலும் குறைவு. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி ஓடும். அதனால்தான் அது எண்ணெய்.

இதனுடன் போரிக் அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கும்போது, நீர் ஆவியாக வெளியேற, போரான் அணு சரத்தின் முனைகளில் பிராணவாயுவின் வழியாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. போரானுக்கு ஒரு தீராத குறை உண்டு: மூன்று பிராணவாயு அணுக்களோடு இணைந்த பின்னும் ஒரு ஜோடி எலெக்ட்ரான் இருக்கவேண்டிய ஸ்தானம் அதனிடம் காலியாகவே இருக்கிறது. பக்கத்துச் சரத்திலுள்ள பிராணவாயுவிடமோ உபயோகப்படாத எலெக்ட்ரான் ஜோடிகள் உபரியாக இருக்கின்றன. அந்த உபரியை இந்தக் குறை நாடிப் போவதால், சரத்துக்கும் சரத்துக்கும் நடுவில் ஒரு பலவீனமான பந்தம் உண்டாகிறது. அது உறுதியான ரசாயனப் பிணைப்பு அன்று. அறையின் சாதாரண வெப்பத்திலேயே அறுந்து, அருகிலிருக்கும் வேறொரு பிராணவாயுவைப் பற்றி, மறுபடியும் அறுந்து, ஓயாமல் கை மாறிக்கொண்டிருக்கும். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் அக்கம்பக்கத்தாரின் கையைப் பிடித்தபடி நகரும் ஜனங்களைப் போல, நிதானமாகத் தள்ளினால் ஒவ்வொருவரும் பிடித்த கையை விட்டு அடுத்த கையைப் பிடித்துக்கொண்டு வழிவிடுகிறார்கள். திடீரென்று மோதினால் விடுவதற்கு அவகாசமில்லாமல் கூட்டம் முழுவதும் ஒரே உடம்பாக எதிர்க்கிறது.

அந்தப் பந்தம் கை மாற ஆகும் காலம் ஏறக்குறைய ஒரு விநாடி அளவானது. பந்து தரையில் மோதித் தொட்டுக்கொண்டிருப்பதோ ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்கே. அந்தக் கணத்துக்குள் பந்தங்கள் அவிழ முடியாது. எனவே முழுப் பந்தும் பின்னப்பட்ட வலையாக நின்று, நசுங்கிய சக்தியைத் திருப்பிக் கொடுத்துத் துள்ளுகிறது. விரலால் மெள்ள இழுப்பது பல விநாடிக் காரியம். அதற்குள் பந்தங்கள் பல முறை இடம் பெயர்ந்து சரங்களை வழுக்கவிட்டுவிடுகின்றன. வெட்டி இழுக்கும்போது வலை நீளவும் நேரமில்லை, அவிழவும் நேரமில்லை, அறுபடுவதுதான் மிச்சம். இரவெல்லாம் மேஜைமேல் கிடந்தால் வழிந்து பரவுவதற்கு அதன் பாரமே போதும். இக்காலத்துக் குழந்தைகள் கோந்தையும் வெண்காரத்தையும் கலந்து வீட்டில் செய்துகொள்ளும் ஸ்லைமும் இவ்வாறே கை மாறும் போரான் பந்தத்தால் ஆனதுதான். ஆனால் அதன் சரங்கள் வேறு, அதற்கு உடம்பெல்லாம் தண்ணீர். உலர்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

ரப்பருக்கு ஏன் இது மாற்றாக முடியாது என்பதும் இங்கேயே விளங்கிவிடுகிறது. சார்லஸ் குட்இயர் கண்ட வழியில் பால்மரத்து ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கும்போது, சரங்களுக்கு நடுவில் கந்தகம் போடும் முடிச்சு நிரந்தரமானது. எவ்வளவு நேரம் இழுத்துப் பிடித்திருந்தாலும் விட்டவுடன் பழைய வடிவத்துக்கு அந்த முடிச்சே இழுத்து வருகிறது. போரான் போடும் முடிச்சோ விநாடிக்கு ஒருதரம் மறந்துபோகிற முடிச்சு. இதில் டயர் செய்து மாட்டினால் வண்டி ஓடும்வரையில் ஓடலாம். ராத்திரி நிறுத்திவைத்த வண்டி விடிவதற்குள் டயர் தரையோடு தரையாக வழிந்திருக்கும்.

காலத்தைச் சேர்த்துக் கேட்டாலன்றி ஒரு பொருளின் சுபாவம் இன்னதென்று சொல்ல முடியாது என்ற இந்த உண்மையைப் பட்டி வருவதற்கு வெகு முன்னரே சில மேதைகள் உணர்ந்திருந்தார்கள். ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1867இலேயே, திரவத்தையும் திடத்தையும் பிரிப்பது அதன் உள்விறைப்பு தளர ஆகும் காலமே என்ற கருத்துக்குக் கணிதம் எழுதிவைத்தார். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தாமஸ் பார்னல் 1927இல், சுத்தியால் அடித்தால் கண்ணாடியாக நொறுங்கும் கீலைக் காய்ச்சி ஒரு புனலில் வார்த்துவைத்தார்; சொட்டுச் சொட்டாக அது இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது; ஒன்பதாவது சொட்டு 2014இல்தான் விழுந்தது. மார்க்கஸ் ரெய்னர் என்ற விஞ்ஞானி, பொருள் தளர ஆகும் காலத்தை நாம் பார்த்துக்கொண்டிருக்கும் காலத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணுக்கு, மலைகளையும் உருகக் கண்டு பாடியதாக விவிலியத்தில் வரும் தெபோராள் என்ற தீர்க்கதரிசினியின் பெயரையே சூட்டினார். பட்டியின் பெருமை, இந்தத் தத்துவத்தை ஒரு விநாடிக்குள் அடக்கி மனிதக் கையின் வேகத்துக்கே கொண்டுவந்ததுதான். கீல் சொட்டுவதைக் காண ஆயுள் வேண்டும். பட்டியிலோ ஒரே நிமிஷத்தில் சிறு குழந்தையும் இரு நிலைகளையும் தொட்டுப் பார்த்துவிடுகிறது. நம் பள்ளிகளில் பௌதிகம் கற்பிப்பவர்கள் இதை மேஜையில் வைத்துக்கொள்ள வேண்டுமென்று நான் மனமார விரும்புகிறேன்.

ஆனால் யுத்தகாலத்து நிபுணர்கள் அதைக் கேட்ட கேள்வி ஒன்றே: நீ ரப்பர் ஆவாயா? ஆகாது என்று தெரிந்தபின், ஜெனரல் எலெக்ட்ரிக் பல தேசத்து விஞ்ஞானிகளுக்கும் மாதிரி அனுப்பி, எதற்காவது பிரயோஜனப்படுமா என்று கேட்டுப் பார்த்தது. யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனினும் அதை ஒருமுறை கையில் எடுத்தவர்கள் கீழே வைக்கவில்லை. விருந்துகளில் அது கைக்குக் கை மாறிற்று. நியூ ஹேவனில் பொம்மைக் கடை வைத்திருந்த ரூத் ஃபால்கேட்டர் அம்மையார் 1949இல் தம் கடையின் விலைப் பட்டியலில் அதையும் சேர்த்து 2 டாலர் விலை போட்டார். அந்தப் பட்டியலை எழுதிக்கொடுத்தவர் பீட்டர் ஹாட்ஜ்சன் என்ற விளம்பரக்காரர். 50 சென்ட் வர்ணக் குச்சிப் பெட்டி ஒன்றைத் தவிர மற்ற எல்லாச் சரக்கையும் அது விற்பனையில் மிஞ்சியும், அம்மையாருக்கு அதில் மேற்கொண்டு நாட்டம் பிறக்கவில்லை. ஹாட்ஜ்சனுக்கோ அப்போது 12,000 டாலர் கடன். அதற்குமேல் இன்னும் 147 டாலர் கடன் வாங்கி, ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் ஒரு தொகுதி பட்டி வாங்கினார். யேல் பல்கலைக்கழக மாணவன் ஒருவனைக் கூலிக்கு அமர்த்தி அவுன்ஸ் அவுன்ஸாகப் பிரித்து, ஈஸ்டர் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தமையால் பிளாஸ்டிக் முட்டைகளுக்குள் வைத்து, கனெக்டிகட் கோழிப்பண்ணைக் கூட்டுறவுச் சங்கத்தின் முட்டைப் பெட்டிகளில் அடுக்கி, முட்டை 1 டாலர் என்று விற்கத் துணிந்தார்.

1950 பிப்ரவரியில் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் அதைக் கண்ட வியாபாரிகள், இது வேண்டாம், விட்டுவிடும் என்றே அவருக்குப் புத்தி சொன்னார்கள். அவர் விடவில்லை. சில கடைகள் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டன. அந்த ஆகஸ்டில் ‘நியூயார்க்கர்’ பத்திரிகையின் நிருபர் ஒருவர் புத்தகக் கடையில் அதைப் பார்த்து எழுதிய சிறு குறிப்பு வெளியானதும், சில நாட்களுக்குள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளுக்கு ஆர்டர் வந்து குவிந்தது. கொரிய யுத்தம் மூண்டு, 1951இல் சிலிக்கோனுக்கு அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தபோது, ஒரு யுத்தத்தில் பிறந்த பொருள் மற்றொரு யுத்தத்தில் மடிந்துபோகும் போலிருந்தது. அதையும் அவர் தாங்கி நின்றார். முதலில் வாங்கியவர்கள் பெரியவர்களே. 1955 வாக்கில்தான் அது குழந்தைகளின் சொத்தாயிற்று. அன்றைய அச்சு மையைப் பட்டி பற்றிக்கொள்ளுமாதலால், பத்திரிகைச் சித்திரக் கதையின்மேல் அழுத்தி எடுத்து, இடவலம் மாறிப் பதிந்த முகங்களை இழுத்து நீட்டிப் பார்ப்பது அந்தத் தலைமுறைக் குழந்தைகளின் பேரானந்தமாக இருந்தது. 1961இல் அது மாஸ்கோவில் நடந்த அமெரிக்க பிளாஸ்டிக் கண்காட்சிக்குப் போயிற்று. 1968 டிசம்பரில் சந்திரனைச் சுற்றிவந்த அப்போலோ 8 விண்கலத்தில், எடையற்ற வெளியில் கருவிகள் மிதந்து போகாமல் ஒட்டிவைப்பதற்கும் உதவிற்று. 1976இல் ஹாட்ஜ்சன் காலமானபோது அவருடைய சொத்து ஏறத்தாழ 14 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். அடுத்த ஆண்டில் அந்த வியாபாரத்தை வாங்கிக்கொண்டது பின்னி அண்டு ஸ்மித் நிறுவனம். முதல் வருஷத்தில் பட்டியை விற்பனையில் முந்திய அதே வர்ணக் குச்சிகளைச் செய்பவர்கள் அவர்கள்தாம்.

சிலிக்கோன் என்ற கல்வியை உண்டாக்கிய கிப்பிங், நியூ ஹேவன் கடையின் பட்டியலில் பட்டி இடம்பெற்ற அதே 1949ஆம் ஆண்டின் மே மாதத்தில் மறைந்தார். ரைட்டுக்கும், வாரிக்குக்கும், மக்ரிகருக்கும் அவரவர் நிறுவனங்கள் பெற்ற பேட்டன்ட்களில் பெயர் மிஞ்சியது.

பிரயோஜனமற்றது என்று கைவிடப்பட்ட அந்தக் குணத்துக்கே இப்போது பிரயோஜனம் தேடுகிறார்கள். பக்கவாதத்தாலோ எலும்பு முறிவாலோ விரல் வலுவிழந்தவர்களுக்கு, பிடித்துப் பிசைந்து பயிற்சி செய்வதற்கென விறைப்புக்கு ஒரு நிறமாகப் பட்டி வகைகளைப் பிசியோதெரபி நிலையங்களில் கொடுக்கிறார்கள். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஜானதன் கோல்மனும் அவர் சகாக்களும் 2016இல் பட்டிக்குள் கிராஃபீன் என்ற கரித்தகட்டைக் கலந்து மின்சாரம் கடத்தச் செய்து, கழுத்தின்மேல் வைத்து நாடித்துடிப்பை அளந்து காட்டினார்கள். இங்கிலாந்தில் ரிச்சர்டு பால்மர் இதே போரான் பந்தமுள்ள சிலிக்கோனை நுரை வடிவில் ஆக்கியதைத் தொடர்ந்து, 2006 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு வீரர்கள் அதை உடைக்குள் தைத்து அணிந்தார்கள். நடக்கும்போதும் குனியும்போதும் அது துணியைப் போல இணங்குகிறது. கம்பத்தில் மோதும் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் பந்தங்கள் அவிழ அவகாசமின்றி விறைத்து, அடியை ஓரிடத்தில் இறங்கவிடாமல் பரப்பி வாங்கிக்கொள்கிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் முழங்கால் கவசத்திலும் தோள் கவசத்திலும் இன்று வைத்துத் தைக்கப்படுவது அதுதான்.